சீதனம் திரும்பி வந்த கடை

சித்தி அடித்து நான் பார்த்த முதல் ஆள் ஒரு கல்யாண மாப்பிள்ளை. முகூர்த்தத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் அவள் வைத்திருந்த பாத்திரக்கடைக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்திருந்தார்கள். அண்டா, தவலை, சருவம், குத்துவிளக்கு என்று எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பேர் வெட்டுகிறவர் சின்ன உளியும் சுத்தியலுமாக வாசலில் உட்கார்ந்து, பொண்ணு பேரைச் சொல்லுங்கள் என்றார். மாப்பிள்ளை முன்னால் வந்து தன் பேரை வெட்டச் சொன்னான். புழங்கப்போவது தன் வீட்டில், அவள் பேர் எதற்கு என்பது அவன் கட்சி.

சித்தி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். சொந்தச் சித்தி இல்லை. அவள் கடைக்குப் பின்சுவர்தான் எங்கள் வீட்டுக்கும் சுவர். அம்மாவுக்குச் சிநேகிதி என்பதால் எனக்குச் சித்தி, ஊருக்குப் பாத்திரக்கடைக்காரி. கையில் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தாள்.

"தம்பி, இது பரிசமா, சீரா, சீதனமா, தட்சணையா? அதச் சொல்லும் மொதல்ல. அதுக்குத் தக்கன வெட்டுவோம்" என்றாள்.

எந்த எழவா இருந்தா என்ன, எனக்குத்தானே வருது என்று சொல்லி அவன் சிரித்தான். செம்பால் நெற்றியில் ஒரு போடு போட்டாள். ரத்தம் மூக்கு வழியாக இறங்கி வேட்டியில் சொட்டியது. பெண்ணின் அப்பா பதறிப்போய்க் கும்பிட்டார், மாப்பிள்ளையை அல்ல, அவளை, பேசாமல் இருந்துவிடச் சொல்லி. அவள் செம்பை முந்தானையில் துடைத்தாள். நெளிந்திருக்கிறதா என்று விரல்கணுவால் தட்டி ஓசை பார்த்துவிட்டு அலமாரியில் திருப்பி வைத்தாள். அந்த வாரமே அது விற்றும் போயிற்று.

கல்யாணமும் நின்றுவிடவில்லை. நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்து தாலி கட்டினான். பாத்திரங்களில் பெண் பேர்தான் வெட்டியிருந்தது.

அந்த நாலு வார்த்தைகளையும் கேட்காமல் அவள் யாருக்கும் பாத்திரம் விற்றதில்லை. கேட்டுவிட்டு, தெரியாமல் விழித்தால் பாடமும் எடுப்பாள். பரிசம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொண்டு வருவது. முன்பெல்லாம் ஆண்தான் கொடுத்துப் பெண் எடுத்தான். இப்போது அது ஒரு சேலையோடும் ஒரு தாம்பாளம் பழத்தோடும் நின்றுபோயிற்று. சீர் என்பது பிறந்த வீடு கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிரியமாகச் செய்வது. சீதனம் பெண்ணுக்கே உள்ளது. ஸ்திரீ தனம், அதாவது பொம்பளை சொத்து, அதுதான் வாயில் தேய்ந்து சீதனம் ஆயிற்று. கடைசியில் வரதட்சணை, வரனுக்குக் கொடுக்கிற தட்சணை. கல்யாண வீட்டில் தட்சணை ஐயருக்குத்தான். அந்த இடம் வரும்போது அவள் குரல் ஏறும். ஐயராவது ஓமப் புகையில் உட்கார்ந்து ரெண்டு மந்திரம் சொல்கிறார், இவன் என்னத்தைச் சொன்னான் என்பாள்.

பின்னாளில் எனக்கு நூலகத்தில் வேலை கிடைத்தது. யாரும் வராத மத்தியானங்களில் அகராதிகளை எடுத்துப் புரட்டிப் பார்ப்பேன். அவள் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. படித்தவர்கள் அதே அர்த்தத்தை அமைதியாக எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றால், ஒரு வக்கீல். அவளுடைய இடது காதின் மடல் கீழே இரண்டாகப் பிளந்து தொங்கும். புருஷன் கம்மலைக் கழற்றித் தரச் சொல்லியிருக்கிறான், இவள் மாட்டேன் என்றிருக்கிறாள், அவன் அப்படியே பிடித்து இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு வழக்கு. சீதனம் என்ற சொல்லைக் கோர்ட்டில் பிரித்துக் காட்டி வாதாடினாராம் அந்த வக்கீல். பாத்திரங்களில் இவள் பேர் வெட்டியிருந்ததால் அவை மட்டும் இவளுக்கு என்று தீர்ப்பாயிற்று. நகையில் பேர் இல்லை, போயிற்று. திரும்பி வந்த சீதனத்தை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு வேறொருத்தியானால் அழுதிருப்பாள். இவள் விலை போட்டு விற்றாள். கடை தொடங்கியது அப்படித்தான்.

இதில் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. எந்தப் பழக்கத்தைத் திட்டினாளோ அதை விற்றுத்தான் அவள் சோறு தின்றாள். ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன். பாடை கட்டுகிறவனிடம் போய், ஊரில் யாரும் சாகக்கூடாதா என்று கேட்பியா என்றாள். கேட்டுவிட்டு அரை நாள் என்னோடு பேசவில்லை.

தன் கடையில் பாத்திரம் எடுத்த பெண் வாழ முடியாமல் திரும்பினால், பாத்திரத்தை மீட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. அதற்குக் காசு வாங்கமாட்டாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் இரண்டு பேரையும் ஒரு டிராக்டரையும் கூட்டிக்கொண்டு போவாள். இளையரசனேந்தலில் ஒரு வீட்டில், பாத்திரமெல்லாம் ஓட்டையாகி எடைக்குப் போட்டாச்சு என்று கையை விரித்தார்கள். இவள் நேரே அடுப்படிக்குள் போய், உலை கொதித்துக்கொண்டிருந்த தவலையைத் துணி சுற்றித் தூக்கி வந்து, அரிசியும் கொதிநீருமாக முற்றத்தில் கவிழ்த்தாள். மாமனார் கால் வெந்தது. தவலையைப் புரட்டி, வெட்டியிருந்த பேரை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தாள். மாமியார்க்காரி பாய்ந்து தோளைக் கடித்தாள். கடித்த வாயோடு சேர்த்து அவளையும் இழுத்துக்கொண்டே டிராக்டர் வரைக்கும் நடந்தாளாம். அந்தப் பல் தடத்தை எங்களுக்கெல்லாம் காட்டினாள். தேர் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

ராயகிரிக்குப் போனதும் அப்படித்தான் தொடங்கியது. கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். ஸ்கூட்டர் கேட்டு அடிக்கிறார்கள் என்று அப்பாவும் அம்மாவும் கடைக்கு வந்து அழுதார்கள். பெண்ணையும் பாத்திரத்தையும் சேர்த்துக் கூட்டிவருவது என்று முடிவாகி, சித்தி அவர்களையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். போன அன்று வெள்ளிக்கிழமை. சண்டை பெரிதாகத்தான் நடந்தது. மாப்பிள்ளையின் தம்பிக்கு இரண்டு பல் போயிற்று. கரண்டி வரைக்கும் ஒன்று விடாமல் டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். பெண் படியிறங்கும் நேரத்தில் அவள் அம்மா குறுக்கே வந்தாள். வெள்ளிக்கிழமை பொண்ணு புகுந்த வீட்டை விட்டு இறங்கினால் பிறகு அந்த வாசலை மிதிக்கவே கொடுத்துவைக்காது, லட்சுமி போய்விடும், ஒரு ராத்திரிதானே, நாளைக்குக் காலையில் இவள் அப்பா வந்து கூட்டிவரட்டும் என்றாள். அந்த அம்மாவுக்கு இன்னும் ஆசை இருந்தது. பாத்திரம் போனால் அந்த வீட்டார் பயந்து வழிக்கு வருவார்கள் என்று நினைத்தாள். சித்தியும் சரி என்றுவிட்டாள். நாம் எல்லோரும் சரி என்றுதான் சொல்லியிருப்போம். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது.

சனிக்கிழமை காலையில் தகவல் வந்தது. சமைக்கும்போது ஸ்டவ் வெடித்து அந்தப் பெண் கருகிச் செத்துப்போனாளாம்.

அப்போது நான் கடையில்தான் இருந்தேன். தகவல் சொன்ன ஆள் பேசி முடிக்கட்டும் என்று சித்தி நின்றாள். பிறகு பின்கட்டுக்குப் போனாள். ராயகிரியிலிருந்து வந்த பாத்திரம் அங்கே இறக்கியபடி கிடந்தது. அண்டாவைத் தள்ளி, குடத்தைத் தள்ளி, அடியில் இருந்த பித்தளை பம்ப் ஸ்டவ்வை எடுத்து வந்து எங்கள் முன்னால் வைத்தாள். அந்த வீட்டில் இருந்த ஒரே ஸ்டவ் அதுதான். டேங்கில் அந்தப் பெண்ணின் பேர் வெட்டியிருந்தது.

அந்த ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போலீஸுக்குப் போனாள். வேறு ஒன்று வாங்கியிருப்பார்கள் அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் அதே பதில். நாலாவது தடவை அவள் ஸ்டவ்வைத் தூக்கி எறிந்ததில் மேஜைக் கண்ணாடி உடைந்து, ஒரு நாள் லாக்கப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவள் கடையைத் திறக்கவில்லை. தன் தலையைத் தானே சுவரில் இடித்துக்கொள்ளும் சத்தம் எங்கள் வீட்டுப் பக்கம் நன்றாகக் கேட்டது. அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள். பிடித்ததற்கு அம்மாவுக்கும் ஒரு அறை விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் டிராக்டர் பிடிக்கவே இல்லை. வேறு வேலை பார்த்தாள். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூச வேண்டும், பூசாவிட்டால் புளி பட்டுக் களிம்பேறிவிடும். ஈயம் பூசுகிற ஒரு அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு, தான் விற்ற வீடுகளுக்கெல்லாம் முறை வைத்துப் போக ஆரம்பித்தாள். பூசுகிறவர் முற்றத்தில் துருத்தி போட்டு உட்காருவார். இவள் பாத்திரம் எடுக்கிற சாக்கில் அடுப்படி வரைக்கும் போய்ப் பெண்ணைப் பார்ப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். எந்த மாமியாரும் தடுத்ததில்லை. இலவசமாக ஈயம் பூசித் தருகிறேன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

எனக்கும் கல்யாணம் ஆயிற்று, அதே கடைப் பாத்திரத்தோடு, வாசுதேவநல்லூருக்கு. எழுபதுகள் முடியும் சமயம். மாப்பிள்ளைக்கு உரக்கடை. என் அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். மோட்டார் சைக்கிள் பிறகு தருகிறேன் என்று சொல்லியிருந்தார், தர முடியவில்லை. அதற்காக நான் முதல் மாதத்திலிருந்தே அடி வாங்கினேன். புருஷன் பெல்ட்டால் அடிப்பான். ஒரு தடவை காய்ந்த தோசைக் கரண்டியை முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினான். அவனைவிட அவன் அம்மாவுக்குத்தான் எனக்குப் பயம். அவள் அடிக்கவே மாட்டாள், பக்கத்தில் நின்று பார்ப்பாள். இதையெல்லாம் அப்பாவுக்கு எழுதினேன். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று பதில் வந்தது. பொறுத்துக்கொண்டேன்.

சித்தி ஈயம் பூச வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பாத்திரம் எடுக்க உள்ளே வந்தவள் அடுப்பங்கரை மூலையைப் பார்த்து நின்றுவிட்டாள். அங்கே ஒரு புது ஸ்டவ் இருந்தது, பக்கத்தில் ஒரு டின் மண்ணெண்ணெய்.

"ஏட்டி, இது யாரு வாங்குனது?" என்றாள்.

அத்தைதான், போன வாரம் என்றேன்.

"நீ இதுல சமைச்சியா?"

இல்லை, விறகில்தான் சமைக்கிறேன், இதைப் பற்றவைக்கவே இல்லை என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. அவள் கையிலிருந்த பாத்திரங்களைத் தரையில் வைத்தாள். கெளம்பு என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு வெள்ளிக்கிழமை சித்தி, நாளைக்கு வாரேன், பாத்திரத்தையும் எடுத்துக்கலாம் என்று சொன்னேன். சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகும் அதைத்தான் சொன்னேன். ஓங்கி ஒரு அறை விட்டாள். காது அடைத்துப்போயிற்று.

"வெள்ளிக்கெழமன்னு சொல்லித்தான் ஒருத்திய விட்டுட்டு அண்டாவத் தூக்கிட்டு வந்தேன். பாத்திரம் இங்கனயே கெடக்கட்டும். நீ நட" என்றாள்.

மாமியார் அதற்குள் உரக்கடைக்கு ஆள் விட்டிருக்கிறாள். வாசலைத் தாண்டும்போது புருஷன் வந்து என் கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். நான் மல்லாந்து விழுந்தேன். அவன் பிடியை விடாமல் வீட்டுக்குள் தரதரவென்று இழுத்தான். சித்தி முற்றத்துக்குப் பாய்ந்தாள். ஈயக்காரரின் கரி அடுப்பில் சிவந்து கிடந்த இரும்பு இடுக்கியை உருவி, அவன் மணிக்கட்டில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். முடி பொசுங்கி, தோல் பொசுங்கி, அவன் அலறி விடும்வரைக்கும் எடுக்கவில்லை. அந்த வாடை எனக்கு அன்றைக்கு இனித்தது. இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது. ராஜபாளையம் ரோட்டில் வந்த முதல் பஸ்ஸில், எந்த ஊர் போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறினோம். ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. ஒவ்வொரு கரண்டிக்காகவும் ஊர் ஊராக அடிதடி செய்தவள், என் சீதனம் முழுவதையும் அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

அப்பா என்னை வீட்டில் ஏற்றவில்லை. சித்தியின் கடைப் பின்கட்டில்தான் படுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் தங்கைகளும் பேசுவது கேட்கும். ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா வந்தார். சட்டையெல்லாம் வேர்த்திருந்தது. எல்லாம் பேசி முடித்துவிட்டேன் என்றார். நெல் வயலை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது, அவன் கையில் வைத்த சூட்டுக்காகப் போலீஸில் கொடுத்த புகாரை அவர்கள் வாபஸ் வாங்குவது, நான் திரும்பிப் போவது. சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்படச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. தங்கைகளை நினைத்துப் பயந்துபோனவர். ஆனால் அந்த ஸ்டவ் பற்றியும் நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

சித்தி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அவரையும் அடித்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"அண்ணாச்சி, பொண்ணோட சேத்து வண்டியும் குடுக்கிய. அதுக்குப் பேரு என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

மாப்பிள்ளைக்குச் செய்கிற ஒரு மரியாதை, அவ்வளவுதான் என்றார் அப்பா.

"மரியாதை இல்லப்பா. கூலி. என்னக் கொளுத்துததுக்கு நீங்க குடுக்கிற கூலி" என்றேன்.

அப்பா என்னை அறைந்தார். என் வாழ்நாளில் அவர் என் மேல் கை வைத்தது அதுதான் முதல். நான் திருப்பி அறைந்தேன். யோசித்துச் செய்ததல்ல. ஆனாலும் முழுப் பலத்தோடுதான் அறைந்தேன். அவர் கண்ணாடி பறந்து போய் அண்டாக்களுக்கு நடுவில் விழுந்தது. குனிந்து அதைத் தேடினார், கிடைக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

நான் வாசுதேவநல்லூருக்குத் திரும்பிப் போகவில்லை. வயலும் விற்கவில்லை. தங்கைகளுக்கும் எப்படியோ கல்யாணம் ஆயிற்று. அப்பா சாகும்வரை என்னோடு பேசவில்லை, நானும் போய்ப் பேசவில்லை. அவரை அடித்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அடிக்காமல் இருந்திருந்தால் போயிருப்பேன், போயிருந்தால் எரிந்திருப்பேன், அது மட்டும் தெரியும்.

அன்றைக்கு அப்பா போன பிறகு சித்தி கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். பெத்த அப்பனைக் கை நீட்டிவிட்டாயே என்று என்னைக் கொல்லப்போகிறாள் என்று பயந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதுவரைக்கும் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து, அறைந்ததில் சிவந்திருந்த உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பன் மூணு தடவ என்னக் கொண்டுபோயி அந்தப் புருஷன் வீட்டுல விட்டான் மக்கா. மூணு மட்டமும் பேசாம அவன் பின்னாலயே நடந்து போனேன்" என்றாள்.